சுண்ணாம்பு அடித்த குகை

எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். தொல்லியல் ஆய்வாளர் ஒருவர் மேற்கு மலையில் கள ஆய்வுக்குப் போகிறார் என்று தெரிந்து நானும் உடன் போனேன். முந்தைய ஆண்டு அவர் அங்கே ஒரு குகையில் வெள்ளை நிறப் பாறை ஓவியங்களைக் கண்டிருந்தார். அன்று கேமராவில் பிலிம் தீர்ந்துவிட்டது. படம் இல்லாமல் அறிக்கையில் சேர்க்க முடியாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். இந்த முறை பிலிம் இருந்த பையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

அய்யனார் கோவிலில் மாந்தோப்புக் காவலர் ஒருவர் காத்திருந்தார். போன வருடமும் அவர்தான் வழிகாட்டி. என் செருப்பைப் பார்த்து, கடைவீதிக்குப் போட வேண்டியதை மாற்றிப் போட்டு வந்துவிட்டேனா என்று கேட்டார். ஓடையை ஒட்டி ஏறினோம். ஆய்வாளர் வழியில் கிடந்த பானை ஓடுகளைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். தன் வீட்டிலும் அது நிறைய இருக்கிறது, எல்லாம் மனைவி உடைத்தது என்றார் காவலர்.

குகையின் சுவர் பளீரென்று வெள்ளையாக இருந்தது. அதன்மேல் கோவில் மதில் போலக் காவிப் பட்டைகள். கீழே காய்ந்த மாலை ஒன்று கிடந்தது.

"நீங்க சொன்னாப்புலயே சுத்தமா வச்சிருக்கோம் சார்," என்றார் காவலர்.

இது மிகப் பழைய இடம், பெரியவர்கள் பார்க்க வருவார்கள், சுத்தமாக வைத்திருங்கள் என்று ஆய்வாளர் போன வருடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தோப்புக்காரர்கள் குடத்தில் சுண்ணாம்பு சுமந்து வந்து பொங்கலுக்கு அடித்திருக்கிறார்கள். அதற்கு முன் தேங்காய் நாரால் தேய்த்தும் கழுவியிருக்கிறார்கள்.

ஆய்வாளர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கேமராவின் உறையைக் கழற்றவில்லை. அவர் முகம் கறுத்ததற்குக் காவலர் வேறு காரணம் நினைத்துக்கொண்டார்.

"ஒரு மூலை மட்டும் விட்டுப்போச்சு சார். குளவி கூடு கட்டியிருக்கு. கொட்டுச்சுன்னா கீழ எறங்க ஏலாது. அதான் அடிக்கல."

ஆய்வாளர் எழுந்து போனார். கூட்டுக்குக் கீழே, சுண்ணாம்பு நின்றுபோன ஓரத்தில், கையைத் தூக்கிய ஒரு மனித உருவமும் கொம்புள்ள ஒரு விலங்கும் இருந்தன. துண்டால் தலையை மூடிக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கினார். குளவிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பிலிம் தீரும்வரை நகரவில்லை.

கூட்டுக்குத் தீ வைத்துவிட்டு அந்த மூலையையும் அடித்துவிடுவதாகக் காவலர் சொன்னார்.

"வேண்டாம். குளவி அங்கேயே இருக்கட்டும்."

"அப்ப குளவியப் பாக்கவா சார் இம்புட்டுத் தூரம் வந்திய?"

ஆய்வாளர் அவரைக் கையைப் பிடித்து மெதுவாக அருகே அழைத்துப்போய், அந்த விலங்கைக் காட்டினார். காவலர் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுமாதிரி அங்கன எம்புட்டோ இருந்துச்சே சார்," என்றார்.