ஓசியில் வாங்காத மாவு டப்பா

“பாத்திரங்களைச் சுத்தமாகக் கழுவும் பழக்கம் இல்லாத வீடு” என்று ஒரு கம்பெனி என்னைப் பற்றி எழுதியது. சும்மா இல்லை, வக்கீல் வைத்து, பதிவுத் தபாலில் எழுதியது. என் வீட்டுக்காரர் அதை அடுப்படியில் நின்று வாசித்தார். நான் அப்போதுதான் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு ஈரக்கையோடு நிற்கிறேன். எனக்கு வந்ததே ஒரு கோபம்! பிள்ளை பிழைத்து, மறுபடியும் தவழ ஆரம்பித்திருந்தாள். ஆனால் அந்த ஒரு வரியை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எழுதினவனையே அதைத் தின்ன வைக்கிறேன் என்று அங்கேயே சொன்னேன். என் வீட்டுக்காரர் தாளை மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்குச் சின்னமனூர் கடைவீதியில் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். கல்லாவில் மாமனார் உட்காருவார், சரக்கு எடுத்துக் கொடுப்பது என் வீட்டுக்காரர். மாமா கடவுளுக்குப் பயப்படுவாரோ என்னவோ, போணிக்குப் பயப்படுவார். காலையில் நடக்கிற முதல் வியாபாரம் ரொக்கமாக நடக்க வேண்டும். கடன் சொல்லக் கூடாது, பேரம் பேசக் கூடாது. ஆள் வராத மந்தமான காலைகளில் வீட்டு ஆளே காசு கொடுத்து எதையாவது வாங்கிப் போணி பண்ண வேண்டும். நான் வந்த புதிதில் ஒருநாள் அப்படி ஒரு தீப்பெட்டி வாங்கினேன். அன்றைக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனதாம். அன்றோடு நான் கைராசிக்காரி ஆகிவிட்டேன்.

அதற்குப் பிறகு, “ஆத்தா, ஒரு போணியப் பண்ணிட்டுப் போ” என்று கடையிலிருந்து குரல் வரும். கையில் தோசை மாவு இருக்கும், இடுப்பில் பிள்ளை இருக்கும், எதுவாக இருந்தாலும் போக வேண்டும். இதில் இன்னொரு சட்டமும் உண்டு. மாமா கொடுத்த காசை மாமாவிடமே கொடுத்தால் அது போணி இல்லை. என் சொந்தக் காசாக இருக்க வேண்டும். நான் அக்கம்பக்கத்தில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்த காசை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். அதிலிருந்து எடுத்துக்கொண்டு போவேன். மாமா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவார். அதற்கெல்லாம் பில் கிடையாது. எங்கள் கடைக்கு நாங்களே பில் போட்டுக்கொள்வோமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை போணிக்கு நான் வாங்கியது பிள்ளைக்கான மாவு டப்பா. வீட்டில் இருந்தது தீர்ந்துபோயிருந்தது. வெந்நீரில் கரைத்து ஊட்டுகிற சத்துமாவு, தகர டப்பா, மேலே கொழுகொழுவென்று சிரிக்கிற பிள்ளையின் படம். அதைத் தின்ற என் பிள்ளை சிரிக்கவில்லை. வாந்தியும் பேதியுமாகத் துவண்டு, கண்ணெல்லாம் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புறங்கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அன்றைக்கு உயிர் என்னிடம் இல்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா மட்டும்தான் சரியான கேள்வி கேட்டார். “என்ன குடுத்தீங்க?” டப்பாவின் பெயரைச் சொன்னேன். அதே மாவு தின்ற பிள்ளைகள் போடியிலிருந்தும் வந்திருக்கின்றன, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றார். மற்றவர்கள் எல்லாரும் கேட்டது வேறு கேள்வி. ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த சொந்தபந்தம் முழுக்க, “கிண்ணத்தக் கொதிக்க வச்சுக் கழுவுனியா? ஸ்பூன கீழ போட்டத எடுத்து ஊட்டிட்டியா?” என்று விசாரித்துவிட்டுப் போனது. பிள்ளைக்கு வயிற்றால் போனால் உலகத்தில் எல்லாருக்கும் முதலில் தாயின் கைதான் ஞாபகம் வரும்போல.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வேன் வந்தது. கம்பெனிச் சரக்கை எங்களுக்குப் போடுகிற தேனி ஏஜென்சியின் வேன். சேல்ஸ்மேன் இறங்கி மாமாவிடம் சொன்னார்:

“அண்ணாச்சி, மாவு டப்பாவுல லேபிள் மாத்துறாகளாம். இருக்குற சரக்கு அம்புட்டையும் திருப்பிக் கேக்குறாக. வீடுகள்ல பாதி டப்பா, காலி டப்பா கெடந்தாலும் வாங்கிக்கிறேன். டப்பாவுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்.”

எவர்சில்வர் என்றதும் தெருவே திரண்டுவிட்டது. உப்புப் போட்டு வைத்திருந்த டப்பா, ரோஜாச் செடி வைத்திருந்த டப்பா எல்லாம் வந்தன. நான் உள்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லேபிள் மாற்றுகிறவனுக்குக் காலி டப்பா எதற்கு? பொறி தட்டியது. நேராகக் கடைக்குள் போனேன். அலமாரியிலிருந்து பிரிக்காத டப்பா ஒன்றை எடுத்தேன், முந்தானைக்குள் வைத்தேன், திரும்பி வந்துவிட்டேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

சேல்ஸ்மேன் பின்வாசலுக்கே வந்தார். “அக்கா, நீங்களும் டப்பா வாங்குனீகளாமே? காலியா இருந்தாலும் குடுங்க.”

“அது எனக்கு வேணும்.”

“டம்ளர் வேணாமாக்கா?”

“என் பிள்ளைக்குத் தலையில ஊசி குத்த வச்சிட்டு டம்ளர் குடுக்க வந்துட்டாரு! போங்கய்யா அங்கிட்டு.”

“வீரபாண்டித் திருவிழாவுல ஐஸு கிய்ஸு வாங்கிக் குடுத்திருப்பீக” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பல் முளைக்காத பிள்ளைக்கு ஐஸ்! நான் கையில் கிடைத்த விளக்குமாற்றை எடுத்தேன். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஒருத்தி பெரியகுளத்தில் வக்கீலாக இருந்தாள். இரண்டு டப்பாவையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினாள். அதற்கு வந்த பதில்தான் அந்தப் பாத்திரம் கழுவாத வரி. உடனே தேனி நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டோம். மன்றம் இரண்டு டப்பாவையும் பரிசோதனைக்கு அனுப்பியது. நான் பிரித்த டப்பாவும் கெட்ட மாவு, பிரிக்காத டப்பாவும் கெட்ட மாவு, உண்ணத் தகுதியில்லாதது என்று எழுதி வந்தது. பிரிக்காத டப்பாவுக்குள் நான் எப்படி அழுக்குக் கையை விட்டேனாம்? அன்றைக்கு என் தோழிக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் கம்பெனி வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. மதுரையிலிருந்து காரில் வருவார். அடுத்த தடவை வந்தபோது மாவைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார். இந்த அம்மா நுகர்வோரே இல்லை, காசு கொடுத்து வாங்கினவர்தான் வழக்குப் போட முடியும், இவர் சொந்தக் கடையில் ஓசியில் எடுத்துக்கொண்டவர், பில் எங்கே என்று கேட்டார். என் தோழி என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, பில்லு இல்லையா?”

“எங்க கடைக்கு எங்களுக்கே எதுக்குடி பில்லு? ஆனா ஓசியில எடுக்கல. அது போணி. என் தையக்காசு.”

“காச யாரு வாங்குனா?”

“மாமாதான்.”

“அப்ப அவரு வந்து சொல்லணும். சொல்லலைன்னா கேசு அம்பேல்.”

மாமா வந்து சொல்வாரா? அங்கேதான் சிக்கல். கடையில் பாதிச் சரக்கு அந்த ஏஜென்சி போடுவது. பிரிக்காத டப்பாவை நான் எடுத்து வைத்தது தெரிந்த நாளிலிருந்தே அவர் முகம் சரியில்லை. இதற்கு நடுவில் சேல்ஸ்மேன் ஒரு பெட்டி ஸ்வீட்டோடு வந்து உட்கார்ந்தார். “பிள்ளைக்கு ஒரு செயின் போடுறோம்னு சொல்றாக அண்ணாச்சி. வெயிலுக்கு வந்த பேதி, மாவுல குத்தமில்லைன்னு அக்கா ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுபோச்சு.”

மாமா என்னைக் கூப்பிட்டார். “ஏத்தா, பிள்ளைதான் நல்லாயிருச்சுல்ல. இவுக சரக்க நிறுத்துனா கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான். போட்டுக் குடுத்துரு.”

“மாவுல குத்தம் இல்லைன்னா என் கையிலதான் குத்தம்னு ஆகும் மாமா. அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்? செயினத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க” என்றேன். அந்த ஸ்வீட் பெட்டியையும் நானே எடுத்து வேனில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கடையிலிருந்து குரல் வரவில்லை. ஆள் வரத்தே இல்லாத காலை. எட்டிப் பார்த்தேன். மாமா தெருவில் போன பூக்காரியைக் கூப்பிட்டு, சூடம் வாங்கிப் போணி பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாவுக்கையோடு அப்படியே நின்றேன். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், பேசாமல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் கையை வேண்டாம் என்று ஒதுக்கியது சுருக்கென்று தைத்தது. கம்பெனிக்காரன் தாளில் எழுதியதை இவர் வீட்டிலேயே செய்துகாட்டிவிட்டார் என்று தோன்றியது. அன்றைக்கு நான் அழுதேன். ஆனால் கேஸை வாபஸ் வாங்கவில்லை.

மாமாவுக்கு மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் மாமா டிரைவருக்குப் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முதுகைப் பார்த்தே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். மன்றத்துக்குள் போனால், வேடிக்கை பார்க்கிறவர்கள் நடுவில் அந்தச் சேல்ஸ்மேனும் உட்கார்ந்திருக்கிறார். மாமாவைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு.

கம்பெனி வக்கீல் தேன் ஒழுகப் பேசினார். “ஐயா, நீங்க பெரிய வியாபாரி. மருமக உங்க வீட்டுப் பொண்ணு. பேத்திக்குன்னு கேட்டா ஒரு டப்பாவ எடுத்துக் குடுக்க மாட்டீங்களா? அதுக்குப் போய் பில்லு போடுவீங்களா?”

“போட மாட்டேன்” என்றார் மாமா. என் தோழி பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள்.

“அப்ப ஓசியிலதானே குடுத்தீங்க?”

மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தார். சேல்ஸ்மேனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார்.

“ஓசியா? அன்னைக்கு அதுதான்யா போணி. போணிய எவனாச்சும் ஓசியில குடுப்பானா?”

“வீட்டு மருமககிட்ட காசு வாங்குனீங்களா?”

“வாங்குனேன். அவ தையக்காச, இந்தக் கையில வாங்கிக் கண்ணுல ஒத்திக் கல்லாவுல போட்டேன். வாங்குன போணிய வாங்கலைன்னு சொன்னா என் கடை வெளங்குமா? நீங்க காருக்குப் பெட்ரோல் போட்டுட்டுப் போயிருவீக. நான் நாளைக்கு அங்கன போயித்தான கடை தொறக்கணும்?”

மன்றத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதிக்கொள்ளச் சொன்னார். வக்கீல் போதும் என்று உட்கார்ந்தார். மாமா சாட்சிக் கூண்டை விட்டு இறங்கவில்லை.

“இன்னொண்ணும் எழுதிக்கங்கய்யா. என் மருமக ஏனம் கழுவ மாட்டான்னு எவனோ எழுதியிருக்கானாம்ல. அவ கழுவுன தட்டுலதான் நான் தெனம் சாப்புடுறேன். வேணும்னா அவனையும் வந்து சாப்ட்டுப் பாக்கச் சொல்லுங்க.”

அது கேஸுக்குத் தேவையில்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். எனக்குத் தேவையாக இருந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார். சின்னமனூரில் இறங்கியதும், “காலையில வெள்ளன வந்துரு. கடை மந்தமாத்தான் கெடக்கு” என்று மட்டும் சொன்னார்.

ஏஜென்சி சொன்னபடி சரக்கை நிறுத்தியது. என் வீட்டுக்காரர் கம்பத்துக்கும் போடிக்கும் அலைந்து சரக்கு பிடித்தார். அலமாரி காலியாகக் கிடந்த நாட்களும் உண்டு. தீர்ப்பு வந்தபோது கம்பெனி மேல்தான் குற்றம் என்று வந்தது, இழப்பீடும் கொடுக்கச் சொன்னார்கள். நான் தோழியிடம் கேட்ட முதல் கேள்வி, பாத்திரத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றாள். மாவில் குற்றம் என்றால் உன் மேல் இல்லை என்றுதானே அர்த்தம், விடுடி என்றாள். அர்த்தம் எனக்கும் தெரியும். அவன் எழுத்தில் எழுதினான், எனக்கும் எழுத்தில் வேண்டும். அது கிடைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான்.

கம்பெனி அப்பீலுக்குப் போகவில்லை, பணம் கட்டிவிட்டது. கொஞ்ச நாளில், ஒரு காலையில், பழைய வேன் கடை முன்னால் வந்து நின்றது. அதே சேல்ஸ்மேன், ஆர்டர் புத்தகத்தோடு இறங்கினார். “அண்ணாச்சி, பழசெல்லாம் மறந்துருவோம். மறுபடி சரக்கு எறக்கட்டுமா?”

“இன்னும் போணி ஆகல. செத்த நில்லுங்க” என்ற மாமா உள்ளே திரும்பிக் கத்தினார். “ஆத்தா, ஒரு போணியப் பண்ணு!”

நான் என் காசை எடுத்துக்கொண்டு வந்தேன். கடையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தேன். “பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒண்ணு குடுங்க மாமா” என்றேன். மாமா காசை வாங்கினார், கண்ணில் ஒற்றினார், கல்லாவில் போட்டார். சோப்பு என் கைக்கு வந்ததும் அதை அப்படியே சேல்ஸ்மேனின் ஆர்டர் புத்தகத்தின் மேல் வைத்தேன்.

“இத ஒங்க கம்பெனி வக்கீல்ட்ட குடுத்துருங்க. ஓசி இல்ல, காசு குடுத்து வாங்குனதுன்னு சொல்லுங்க.”