போயிட்டு வர்றேன்

இதைக் கனவு என்று ஒதுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த உரையாடல் என் கைபேசியில் இன்னும் இருக்கிறது.

போன டிசம்பர். திண்டிவனத்தில் இருதயமேரி அம்மா வீட்டு மாடி அறைக்கு நானும் சூர்யகலாவும் புதிதாகக் குடிவந்திருந்தோம். மயிலம் பக்கத்துக் கல்லூரியில் முதுகலை. மறுநாள் எனக்கு விழுப்புரத்தில் நேர்முகத் தேர்வு. ஆங்கிலத்தில் திக்கித் திக்கியே இரண்டு வேலை வாய்ப்புகளை இழந்தவள் நான். இதுவும் போனால் கல்யாணம்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அதனால் ஒரு ஏஐ செயலியோடு பேசிப் பழகினேன். நாம் பேசுவது திரையில் எழுத்தாக வரும். தப்பை அது குரலில் திருத்தும்.

மாலை ஆறரை. சூர்யகலா டிபன் வாங்கக் கிளம்பினாள்.

"பேசிக்கினே இரு. கடைசில அதையே கட்டிக்கப் போற!"

"ஜல்தி வாடி. பசிக்குது."

கதவைத் தாழிட்டேன். விடைபெறும் பாடம். "ஐ வில் கோ அண்ட் கம்" என்றேன். போயிட்டு வர்றேன் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கும் நம் பழைய தப்பு. "ஐ ஆம் கோயிங்" என்று திருத்தியது. திருப்பிச் சொன்னேன். பாராட்டியது.

தண்ணீர் குடிக்கத் திரும்பினேன்.

"மறுபடியும் அதே தப்பு" என்றது ஆங்கிலத்தில்.

நான் வாயே திறக்கவில்லை.

திரையில்... ஐ வில் கோ அண்ட் கம்.

தெருப் பேச்சாக இருக்கும். ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன்.

"ஐ ஆம் கோயிங்" என்றது செயலி, பொறுமையாக.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. எழுத்து மட்டும் ஓடியது.

நோ. ஐ வில் கம்.

"இப்போது எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டது செயலி.

கூட்டேரிப்பட்டு... என்று எழுத்து வந்தது. விழுப்புரம் போகும் வழியில் இருக்கும் ஊர்.

டக். டக். டக்.

கதவு.

சூர்யகலாதான். கையில் பொட்டலம்.

"யாருடி வந்தது? படியேறும்போது ரெண்டு பொண்ணுங்க பேசற மாதிரி கேட்டுச்சி."

செயலியில் நான் வைத்திருந்தது ஆண் குரல்.

காலையில் கேட்டைத் திறந்துகொண்டே, "போறேம்மா" என்றேன். இருதயமேரி அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார். வலித்தது.

"அப்படிச் சொல்லாதம்மா. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் விட்டார்.

தேர்வு நன்றாகவே போனது. எழுந்தபோது "ஐ ஆம் கோயிங்" நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல முடியவில்லை.

"ஐ வில் கோ அண்ட் கம், சார்."

தேர்வு நடத்திய மூவரும் சிரித்தார்கள். தேர்வான பெயர்களில் என் பெயர் இல்லை.

மாலை திரும்பினேன். கேட்டருகிலேயே நின்றிருந்த இருதயமேரி அம்மா என்னைப் பார்த்ததும் அழுதார்.

"எம் பொண்ணு வெனிலா உன் ரூம்லதான் இருந்தா. உன்ன மாதிரியே போன்ல பேசிப் பழகினா. இன்டர்வியூக்குக் கெளம்பினப்போ, போயிட்டு வர்றேன்னு சொல்லுடின்னேன். 'அது தப்பு மம்மி, ஐ ஆம் கோயிங்'னு சிரிச்சிக்கினே போனா."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கூட்டேரிப்பட்டுல. லாரி. போன் மட்டும் ரோட்டுல கெடந்து பேசிக்கினே இருந்துச்சாம்."