பேரி டூமியின் நடுத்துண்டு

ரொட்டியை மூன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறார் பேரி டூமி. ஊர் உலகத்தில் எல்லோரும் சாண்ட்விச்சைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்குவார்கள். இவர் கத்தியை நெடுக இறக்கி மூன்று பட்டைகளாக்குவார். ஓரம் இரண்டும் ஒல்லி, நடு மட்டும் அகலம். வெண்ணெயும் பன்றி இறைச்சியும் அங்கேதான் குவிந்து கிடக்கும். தட்டைத் தள்ளும்போது நடுத்துண்டு நம் கைக்கு நேராக வருகிற மாதிரி ஒரு திருப்புத் திருப்புவார். "மொதல்ல அதச் சாப்பிடு" என்பார். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அயர்லாந்தில், கார்க் நகரத்து ஆற்றின் வடகரையில், மேட்டுக்கு ஏறும் சந்தின் திருப்பத்தில் இருக்கிறது டூமி பப். எதிர்க்கடையில் செருப்புத் தைத்து, சாவி வெட்டிப் பிழைக்கிறவன் நான். பகலில் அவர் என் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் நான் அவர் கடையில் உட்கார்ந்திருப்பேன். அவர் முழுப்பெயர் ஃபின்பார். பிறந்ததிலிருந்து பேரி. எழுபது தாண்டிவிட்டது. பீப்பாய் உருட்டி உருட்டி வலது தோள் கெட்டுப்போயிருக்கிறது. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பது என் கடை ஷூ கயிற்றில். கயிறு அறுந்தால் உரிமையோடு வந்து இன்னொன்று எடுத்துக்கொண்டு போவார், கேட்க மாட்டார்.

கவுண்டரின் கோடியில் ஒரு தூக்குப் பலகை உண்டு. கனத்த பழைய மரம். அதைத் தூக்கினால்தான் உள்ளே போக முடியும். பேரி தூக்குவார், நுழைவார், டப்பென்று இறக்கிவிடுவார். அது தூக்கியபடியே நின்று யாரும் பார்த்ததில்லை. டூமி வீட்டு ஆளைத் தவிர வேறு யாரும் அதைத் தாண்டக் கூடாது என்பது அவர் அப்பா போட்ட சட்டம். தங்கை ஊனாவைக் கட்டிய டோனலுக்கே அனுமதியில்லை. அவர் கல்யாணமான நாள் முதல் வெளிப்பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருக்கிறார்.

"ஒன் தங்கச்சியவே குடுத்துட்ட. பலகைக்கு அந்தாண்ட வந்தா என்ன கொறஞ்சிடும் மச்சான்?"

"தங்கச்சி போனா போறா மாப்ள. உள்ள பீப்பாய் இருக்குல்ல."

கோடை வந்தால் போதும், அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் குடிபோனவர்களின் பேரப்பிள்ளைகள் வேர் தேடிப் புறப்பட்டு வந்துவிடுவார்கள். கொள்ளுத்தாத்தா குடித்த பப் எது, பாட்டி பிறந்த தெரு எது என்று கேட்டுக்கொண்டு மேட்டில் மூச்சு வாங்க ஏறுவார்கள். மற்ற பப்களில் பிரச்சினையே இல்லை. "வாங்க பங்காளி!" என்று தோளைத் தட்டி ஒரு கோப்பை கறுப்பு பீரை ஊற்றிவிடுவார்கள். வந்தவருக்கும் சந்தோஷம், கல்லாவுக்கும் சந்தோஷம். பேரியிடம் அந்தப் பருப்பு வேகாது.

"நாங்களும் டூமிதாங்க" என்றார் ஒருமுறை பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர்.

"எந்த டூமி?"

"கார்க் டூமி."

"கார்க்ல கல்ல விட்டெறிஞ்சா அது ஏதாச்சும் ஒரு டூமி மண்டையிலதான் விழும். பாட்டி பொறந்த வீடு எது? எந்தக் கோயில்ல ஞானஸ்நானம்? தாத்தாவ எங்க பொதைச்சாங்க?"

கேட்டுக்கொண்டே பாத்திரம் துடைப்பார். பதில்கள் வர வர முகம் இறுகும். கடைசியில், "நீங்க எங்களவங்க இல்ல. ஒங்க ஆளுங்க மெக்ரூம் பக்கம். பஸ்ஸு இருக்கு, போய்ப் பாருங்க" என்று தீர்ப்பு வந்துவிடும். சொன்னது தப்பாகப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மூவாயிரம் மைல் பறந்து வந்த மனுஷனிடம் கொஞ்சம் நயமாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

இல்லை என்று சொன்ன கையோடு சாண்ட்விச் வெட்டப் போய்விடுவார். அதற்குக் காசு கிடையாது. "சொந்தமில்லன்னு சொல்லிட்டு வெறும் வயித்தோட அனுப்பினா நல்லாவா இருக்கும்?" தட்டை வைத்துவிட்டு, வந்தவர் எந்தக் குடும்பமாக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்பார். குரல் அப்போது வேறாகிவிடும்.

"ஒங்க ஊர்ப் பக்கம் பெக்னு ஒரு அம்மா... கார்க்லேர்ந்து வந்தவங்க... கேள்விப்பட்டிருக்கீங்களா?"

யாரும் கேள்விப்பட்டதில்லை.

பேரி பிறந்த வருஷம் அவர் அம்மாவுக்குக் காசநோய். குழந்தையைத் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கவுண்டரை விட்டு நகர முடியாது. கன்னியாஸ்திரீகளின் அனாதை இல்லத்திலிருந்து ஒரு பெண்ணை வேலைக்குக் கொண்டுவந்தார். பதினான்கு பதினைந்து வயது இருக்கும். பாத்திரம் கழுவி, தரை துடைத்து, மீதி நேரத்தில் இடுப்பில் பேரியைத் தூக்கி வைத்துக்கொண்டு வளர்த்தவள் அவள்தான். சோறு ஊட்டியவள், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவள், ரொட்டியை மூன்றாக வெட்டி நடுத்துண்டை இவர் வாயில் வைத்தவள். பேரிக்கு ஏழு வயதானபோது அம்மா குணமாகித் திரும்பினார். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் அழைத்துப்போக யாரும் வரவில்லை. தெருவிளக்கு எரியும்வரை மதில்மேல் உட்கார்ந்திருந்தார். அப்பா வந்து, "அவ அமெரிக்கா போயிட்டாடா" என்றார். அவ்வளவுதான்.

வளர்ந்த பிறகு அவளுடைய முழுப்பெயரைக் கேட்டார். "பெக்தாண்டா" என்றார் அப்பா. அந்த வீட்டில் வேலைக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் பெக் என்றே பெயர். முதன்முதலில் வந்தவள் உண்மையில் பெக். பின்னால் வந்தவர்களின் சொந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஊரார் வம்சத்தையெல்லாம் சிக்கெடுத்துக் கொடுக்கிற மனுஷருக்குத் தன்னை வளர்த்தவளின் பெயர் தெரியாது. பெயர் தெரியாதவளை எங்கே போய்த் தேடுவது?

"பாத்தா என்னதான் கேக்கப்போற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்க ஒண்ணுமில்ல. சொல்லத்தான் இருக்கு. நன்றின்னு."

"அவ்வளவுதானா?"

"பின்ன என்ன, ஹர்லிங் மேட்ச் ஸ்கோரா சொல்லப் போறேன்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தார்.

போன ஜூன் மாதம், தூறலும் வெயிலுமாக இருந்த ஒரு மத்தியானம், லொரெட்டா என்கிற அம்மாள் வந்தார். அமெரிக்காவில் பஃபலோ நகரம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழைச்சட்டையைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கவுண்டரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். கடையில் நாங்கள் மூன்று பேர்தான்: பேரி, டோனல், நான்.

"எங்கம்மா இந்த வீட்டுப் பொண்ணு. போன குளிர்காலத்துல தவறிட்டாங்க. சாகுற வரைக்கும் டூமி வீடு, டூமி வீடுன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஒருவாட்டி வந்து பாத்துடணும்னு வந்தேன்."

"பேரு?"

"ஹன்னா."

பேரி துணியைக் கீழே வைத்தார். "டூமி வீட்டுல ஹன்னான்னு யாரும் பொறக்கலையே."

"இல்லீங்க, இந்தக் கவுண்டருக்குப் பின்னாலதான் வளந்ததா..."

"எங்கப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்க ரெண்டு அத்தை. ரெண்டு பேரும் கன்னியாஸ்திரீ. எனக்கு ஒரே தங்கச்சி. ஹன்னா கெடையாது."

டோனலுக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணுவிட்டது, ரெண்டுவிட்டது ஏதாச்சும் இருக்கும் மச்சான்" என்று சமாதானம் பேசப் பார்த்தார்.

"இல்லாதத இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன் மாப்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட, ஒரு பொய் சொன்னால் வானமா இடிந்து விழப்போகிறது? அந்த அம்மாளின் முகம் அப்படியே தொங்கிப் போய்விட்டது.

"எங்கண்ணன் அப்பவே சொன்னான், அம்மா கதை விடுறாங்கன்னு. எனக்கு சொந்தம்னு ஒரு ஊரு, ஒரு வீடு இருக்குன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி... அப்ப எல்லாமே பொய்தானா?" மழைச்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று பேரி ரொட்டியை எடுத்தார். அவருக்கும் சங்கடம்தான். வெட்டியபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஒங்க ஊர்ப் பக்கம் பெக்னு யாராச்சும்..." லொரெட்டா தலையாட்டினார். தெரியாது.

தட்டு வந்தது. வழக்கம்போல் ஒரு திருப்புத் திருப்பி வைக்கப்பட்டது. லொரெட்டா அதைப் பார்த்தார். பிறகு நடுத்துண்டை இரண்டு விரலால் எடுத்து, காகிதக் கைக்குட்டையில் வைத்து, யாரும் இல்லாத பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஓரத்துண்டைக் கடித்தார்.

"அதுலதாம்மா கறியே இருக்கு! அதப்போய் ஒதுக்குறீங்களே" என்றார் டோனல்.

லொரெட்டாவுக்கு வெட்கமாகிவிட்டது. "பழக்க தோஷம். எங்க வீட்லயும் மூணாத்தான் வெட்டுவாங்க. நடுத்துண்ட சட்டுனு யாரும் தொட்டுடக் கூடாது. 'இது பேரிக்கு'ம்பாங்க அம்மா. கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டு அப்புறம் வீட்லயே சின்னவளுக்குக் குடுப்பாங்க. எனக்குத்தான் வரும்."

"யாரு பேரி?" என்றேன்.

"தெரியாது. எங்க வீட்ல பேரின்னு யாருமில்ல. செத்துப்போன பிள்ளை யாரோன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம். கேட்டா அம்மா அழுவாங்க, அதனால கேக்குறதில்ல."

பேரி கத்தியைக் கவுண்டரில் மெதுவாக வைத்தார்.

"ஒங்கம்மாவுக்கு... புருவத்துல..."

"ஆமா, வெட்டு. எடது புருவம்" என்று லொரெட்டா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "ஒங்களுக்கு எப்படி..."

"நான் வீசின டம்ளர். அப்ப எனக்கு மூணு வயசு. நாந்தாங்க பேரி."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை, அது அவருக்கு வராது. அனாதை இல்லம், பாத்திரம் கழுவியது, பெக் என்று கூப்பிட்டது, எல்லாமே.

"அப்ப எங்கம்மா இங்க வேலைக்காரியா?" என்று லொரெட்டா கேட்டார்.

"வேலைக்குத்தான் வந்தாங்க. அதுக்குச் சம்பளம் குடுத்தோம். என்ன வளத்ததுக்கு யாரும் எதுவும் குடுக்கல. எங்கம்மா என்னப் பெத்தாங்க. நடக்க வெச்சது, பேச வெச்சது, கைப்பிடிச்சு எழுத வெச்சது பூரா..." நிறுத்தினார். "ஹன்னா" என்று சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். "ஹன்னா. நல்ல பேரு. ஒருநாள்கூட அந்தப் பேர நாங்க கூப்பிடல. அவங்க பொய் சொல்லலம்மா. இந்தக் கவுண்டருக்குப் பின்னாலதான் வளந்தாங்க. நன்றி சொல்லணும்னே இருந்தேன். தாமதமாயிடுச்சு."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இங்கே ஊட்டியவளும் மறக்கவில்லை, உண்டவரும் மறக்கவில்லை. நடுவில் ஒரு கடல் கிடந்தது, அவ்வளவுதான். என் கண்ணில் நீர் முட்டியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

லொரெட்டா காகிதக் கைக்குட்டையோடு அந்தத் துண்டைப் பேரியின் பக்கம் நகர்த்தினார். "அப்ப இது ஒங்களுதுதான்."

பேரி நின்றபடியே தின்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு கவுண்டரின் கோடிக்கு நடந்து போய்த் தூக்குப் பலகையைத் தூக்கினார். டோனல் எழுந்து தன் முக்காலியை ஓரமாக இழுத்து வழிவிட்டார்.

லொரெட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போங்கம்மா, ஒங்களுக்குத்தான்" என்றார் டோனல். லொரெட்டா கைப்பையைத் தேடி, நாற்காலியை விட்டு இறங்கி, மழைச்சட்டையைச் சரிசெய்துகொண்டு வருகிற வரைக்கும், கெட்டுப்போன அந்த வலது தோளை முட்டுக்கொடுத்துப் பலகையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார் பேரி.