சிவப்புத் தேதிகளும் முன்சீட்டுத் துண்டும்

புதுக் காலண்டர் வந்ததும் சிவப்புத் தேதிகளைத் தேடுவது சின்ன வயதிலிருந்தே எனக்குள்ள பைத்தியம். எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாகிறது, எது வெள்ளிக்கிழமை வந்து மூன்று நாளாக நீள்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவேன். கல்யாணமான புதிதிலும் ஆசை ஆசையாக வட்டம் போட்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நீ வட்டம் போட்டதெல்லாம் எனக்கு ஸ்பெஷல் டிரிப்பு. ஊருக்கே லீவுன்னா எனக்கு ஏது லீவு?"

அவர் பஸ் டிரைவர். திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஓட்டுகிறார். அவருக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நான் சிறுசேரி ஆபீசில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு மாதத்தையும் புரட்டினேன். இருவருக்கும் சேர்ந்தாற்போல ஒரு நாள்கூட அமையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வருடக் காணும் பொங்கலன்று, ரோஷத்தில், புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். ஊரே கடலைப் பார்க்கப் போனது. நான் இன்ஜினுக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்து, வேர்த்து வழியும் அவரைப் பார்த்துக்கொண்டே போய்ப் போய் வந்தேன். மாமல்லபுரத்தில் கூட்டம் இறங்கியதும் காலி பஸ்ஸில் சாப்பிட்டோம். அதிலிருந்து வருடா வருடம் அதுதான் எங்கள் பண்டிகை.

இந்த வருடம் ஆபீஸ் விடுமுறைப் பட்டியலிலிருந்து அந்த நாளைத் தூக்கிவிட்டார்கள். வெளிநாட்டு வேலை நிற்கக் கூடாதாம். இந்தத் தடவை வர முடியாது என்று அவரிடம் சொன்னேன்.

"வுடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார், மிகச் சாதாரணமாக. ஒரு பேச்சுக்காவது வருத்தப்படக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கி, அவருக்குப் போன்கூடப் பண்ணாமல் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் பஸ் மூச்சுவிட இடமில்லாமல் நின்றது. இடித்துப் பிடித்து முன்னால் போனால், அந்த ஒற்றை சீட் காலி. அதன்மேல் அவருடைய துண்டு கிடந்தது.

"ஆளே இல்லாத சீட்டுக்கு இன்னாய்யா துண்டு?" என்று ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "வா அண்ணி. காலைலேர்ந்து இந்தத் துண்டுக்கு நான்தான் பேச்சு வாங்கிகினு கீறேன். அவங்கதான் வரலன்னு சொல்ட்டாங்களே அண்ணாத்தன்னு கேட்டா, கெடக்கட்டும் வுடுன்றாரு."

நான் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் என் மடியிலிருந்து துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்ட்டியா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.