மே மாதம் நாய் எங்கே இருக்கும்?

லோகநாயகி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கும்பகோணத்தில், மாமியார் வீட்டு மொட்டை மாடியில், வடாத்துக்குக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். மே மாதம். புனேத் தமிழர்கள் யாரும் அப்போது புனேயில் இருப்பதில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் திருநெல்வேலியிலிருந்தும் கோவையிலிருந்தும் கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்தன. அக்காவைத் தூக்கத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மராத்திக்காரி ஷிந்தே தாயியின் மகன்கள் தூக்கினார்கள். அக்கா எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு நாங்கள் சேர்ந்து கொடுத்த பதில் அது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா புனே கண்டோன்மென்டில் பிறந்தவர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். திரும்பிப் போக ஊர் என்று ஒன்று மிஞ்சவில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபின் தெருநாய்க்குட்டிகளைத் தேற்றி, கேட்பவர்களுக்குக் கொடுத்துவந்தார். கொடுத்துவந்தார் என்பது மரியாதைக்கு, பெரும்பாலும் மறுத்துவந்தார். கேட்டவர் வீட்டுக்கே வந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்பார்: "மே மாசம் எல்லாரும் ஊருக்குப் போயிடுவீங்களே, நாய் எங்க இருக்கும்?"

புனேயின் பாணேர்ப் பகுதியில் ஒரு வங்கி மேலாளர் மகனின் பிறந்தநாளுக்குக் குட்டி கேட்டார். மே மாதம் நல்ல காப்பகத்தில் விடுவோம் என்றார், பெருமையாக. அக்கா வாயிலிருந்த பஜ்ஜியை மென்று முடித்தார்.

"அப்போ பையனையும் அங்கயே விட்டுடுங்க. ரெண்டும் ஆசைக்கு வாங்கினதுதானே."

பையன் அழுதான். அக்கா இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

கராடியில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தபோது, பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல் கேசரி கிளறி வைத்திருந்தோம். மகள் பாவனா ஆசையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கேள்வி வந்தது. வங்கிக்காரரைவிட நான் புத்திசாலி அல்லவா? நாயையும் ரயிலில் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போவோம் என்றேன்.

"அச்சா. மாமியார் வூட்ல அது எங்க படுக்கும்?"

மனைவி உமா உதவிக்கு வந்தாள்: "இவருக்கே அங்க மொட்டை மாடிதான் அக்கா."

அக்கா கேசரித் தட்டை வழித்து வைத்துவிட்டு எழுந்தார். "பொண்ணு ரெடி. அம்மா ரெடி." என் பக்கம் தலையை ஆட்டினார். "இதைத்தான் இன்னும் பழக்கலை. பழக்கிட்டுக் கூப்பிடும்மா." பாவனா என்னோடு பேசுவதை அன்றோடு குறைத்துக்கொண்டாள்.

ஜூனில் சிப்ஸும் மாவடுவுமாக எல்லோரும் திரும்பியபின் இரங்கல் கூட்டம் நடந்தது. அக்கா மறுத்து அனுப்பியவர்கள் அத்தனை பேரும் பேசினார்கள். வங்கி மேலாளர் அவரை அன்பின் வடிவம் என்றார். நான் அதற்கும் மேலே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போது ஷிந்தே தாயி பாண்டுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பாண்டு, அக்காவோடு கடைசிவரை இருந்த கிழநாய். ஒரு கண் கிடையாது; பற்களில் குறைவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் இனி வைத்துக்கொள்ள விடமாட்டார், இன்று யாரும் எடுக்காவிட்டால் தெருவில்தான் விடவேண்டும் என்று தாயி இந்தியில் சொன்னார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையைத் தெருவில் அது தாண்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்பின் வடிவத்தைப் புகழ்ந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அக்காவின் குரலிலேயே மேலாளரைக் கேட்டேன்: "மே மாசம் நாய் எங்க சார் இருக்கும்?" கூட்டம் சிரித்தது.

மேலாளருக்குச் சுருக்கென்றது. "இவ்வளவு பேசறீங்களே, நீங்களே எடுத்துக்கறதுதானே."

என் அலுவலகம், என் முதுகுவலி என்று நான் தொடங்குவதற்குள் உமா போய்க் கயிற்றை வாங்கிவிட்டாள்.

"மே மாசம் என்ன பண்ணுவீங்க மேடம்?" மேலாளர் விடவில்லை.

"நானும் பொண்ணும் ஊருக்குப் போவோம். இவர் இங்க இருப்பார்."

வெகுநாள் கழித்துப் பாவனா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா சொல்லிவிட்டுப் போன பழக்கும் வேலை எப்போதோ தொடங்கிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்காவைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஓர் ஒற்றைக்கண் நாய், என் உள்ளங்கையில் அதன் பல் பதிந்த தழும்பு, அந்தக் கேள்வி. கேள்விக்கு இப்போது எங்கள் வீட்டில் பதில் இருக்கிறது. அடுத்த மே மாதம் மாப்பிள்ளை வரமாட்டார், நாயோடு விட்டுவிட்டு வருகிறோம் என்று உமா என் மாமியாரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். மாமியார் பதறிப்போனார்.

"ஐயோ பாவம்டி. அந்த வாயில்லா ஜீவன் இவரோட தனியா என்ன பண்ணும்?"