துலுக்கானத்தின் ஜன்னல் சீட்டு

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் துலுக்கானத்துக்கு ராசிக்காரர் என்று பெயர். ஆவடியில் கேன்டீன் வேலைக்குப் போகும் அவருக்குக் காலை ரயிலில் தினமும் ஜன்னல் சீட்டு கிடைக்கிறதாம். அதே பெட்டியில் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகும் எனக்கு வயிறு எரிந்தது. நூறு நாள் இருவரையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தது இருபத்திரண்டு நாள்; நான் இருபத்து மூன்று. கிடைத்த நாளில் பெட்டி முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். நின்ற நாளில் வாய் திறக்கமாட்டார். எங்கள் கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: காதில் விழுவதை மட்டும் எண்ணினால் எவரும் ராசிக்காரர்தான்.

நோட்டை அவரிடமே நீட்டினேன்.

“நின்னதெல்லாம் எவன் அண்ணாத்தே ஞாபகம் வெச்சிக்கினு கீறான்? உனுக்கு வேற வேல இல்ல?” என்று சிரித்தார்.

எனக்கு நான் நின்ற ஒவ்வொரு நாளும் தேதியோடு நினைவிருக்கிறது. அவர் மேல் பொறாமை இன்னும் கூடிவிட்டது.