ஆனி வெயிலில் ஹீட்டர்

காரில் தண்ணீர் குறைவதை நான் கவனித்தது, மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான். அதற்கு முன்பும் குறைந்திருக்கலாம். எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குத் தெற்கே உள்ளடங்கிய கிராமம், ஆஸ்பத்திரி கும்பகோணத்தில். எந்த நேரத்தில் வலி கண்டாலும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது, பழையதாக வாங்கிய எங்கள் சின்ன வெள்ளைக் கார். அதனால் தினமும் காலையில் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பேன்.

"மாப்ள கூட அவள இவ்ளோ விசாரிக்கல. நீங்க கார விசாரிக்கிறீங்க" என்றாள் மனைவி.

ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல்கோடு வரை நிரப்பினால் சில நாளில் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடும். ஒழுகினால் தரையில் ஈரம் தெரிய வேண்டுமே என்று, அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது. எஞ்சினுக்குள்ளேயே போகிறதோ என்று ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்த ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி ஆகிவிடும் என்பார்கள். அது கறுப்பாகத்தான் இருந்தது. சைலன்சரிலும் வெள்ளைப்புகை இல்லை. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றிக் கொடுத்தார். அப்படியும் குறைந்தது.

"வண்டிய ரெண்டு நாள் விடுங்க சார், பிரிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

அந்த இரண்டு நாளில் வலி வந்துவிட்டால்? விட முடியாது என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவன். பயம் வந்தால் படிப்பேன். காருடன் வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். எஞ்சின் சூடேறினால் ஏசியை நிறுத்து, ஹீட்டரை முழுதாகத் திற என்று அதில் இருந்தது. ஹீட்டர் என்பது டாஷ்போர்டில் ஒரு நெம்புகோல். ஒரு கோடியில் நீலம், மறு கோடியில் சிவப்பு. வாங்கிய நாளிலிருந்து அது நீலத்திலேயே இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அதைச் சிவப்புக்குத் தள்ள யாருக்கு என்ன தேவை?

அந்த வருஷம் ஆனி பிறந்தும் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். குத்தகை நெல்லை அளக்கச் சொன்னார் நிலக்காரர். விளையாததை எதைக் கொண்டு அளப்பது என்றார் குத்தகைக்காரர். எங்கள் தெருவிலேயே இதில் ஒரு மண்டை உடைந்தது. ஆட்சியில் இருந்த கழகம் பக்கத்து மாநிலத்தைத் திட்டியது. இல்லாத கழகம் ஆட்சியைத் திட்டியது. முன்பு இதே வசனங்களை இடம் மாற்றிப் பேசியிருந்தார்கள்.

மகளுக்குப் பனிக்குடம் உடைந்தது பகல் சாப்பாட்டின்போது. இலையில் கை கழுவிவிட்டு ஓடினேன். அவளைப் பின்சீட்டில் சாய்த்து, பக்கத்தில் மனைவி உட்கார, கிளம்பினோம். மகளுக்கு வியர்த்துக் கொட்டியதால் ஏசி போட்டேன். வண்டி ஓடும்வரை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றது. பெரிய சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் மறியல். பஸ், லாரி எல்லாம் வரிசையாக நின்றன. சாலையின் குறுக்கே ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருக்க, பெண்கள் முன்னால் குடங்கள்.

வண்டி நின்றதும் முள் ஏறத் தொடங்கியது. ஏசியை நிறுத்தினேன். முள் நிற்கவில்லை. பானெட் விளிம்பில் ஆவி வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

மகள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்னப்பா, காருக்கும் பனிக்கொடம் ஒடஞ்சிடுச்சா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வலி வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் ஓடிப்போய்த் தண்ணீர் கேட்டேன்.

"நாங்களே தண்ணி கேட்டுத்தான் உக்காந்திருக்கோம் சார். எங்ககிட்டயே கேக்கறீங்களே!" என்றார் துண்டைத் தலையில் போட்டிருந்த ஒருவர். சிரிப்பு எழுந்தது. ஒரு பெண் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். போராட்டத்துக்குக் கொண்டுவந்த காலிக்குடங்கள்.

"வண்டில புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு. பனிக்கொடம் ஒடஞ்சிடுச்சு" என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் எழுந்து சாலையோர அடிபம்புக்கு ஓடினாள். நிறைகுடத்தோடு அவள் திரும்பி வரும்போது, "யக்கா, முந்தானையால மூடிக்க! பேப்பர்காரன் படம் புடிச்சான்னா தண்ணி கெடைச்சிடுச்சுன்னு போட்டுடுவான்" என்று ஒருவன் கத்தினான். "போடா, ஒன் வாயில ஊத்துறேன்" என்றாள்.

துண்டுக்காரர் நேரே போய் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் பின்வாங்கினார். கொதிக்கும்போது திறந்தால் தண்ணீர் முகத்தில் அடிக்கும். யாரோ கொடுத்த சாக்கை நனைத்து மூடிமேல் போட்டுக் காத்திருந்தோம். அந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது. மகளின் முனகலை வைத்துத்தான் சொல்ல முடியும்: மூன்று முறை.

"டிராக்டர் இருக்கு, ஏத்திக்கிட்டுப் போயிடலாமா?" என்றார் துண்டுக்காரர்.

"குலுங்கும்ங்க. வேணாம்" என்றாள் மனைவி.

சாக்கோடு சேர்த்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தேன். குடத்தில் பாதிக்குமேல் உள்ளே போயிற்று. மீதியைக் குடத்தோடு முன்சீட்டின் காலடியில் வைத்து, "கொண்டு போங்க சார், அப்பறம் குடுங்க" என்றாள் அந்தப் பெண். உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து எங்கள் ஒரு வண்டிக்கு மட்டும் வழி விட்டார்கள்.

நெம்புகோலைச் சிவப்புக்குத் தள்ளினேன். இறுகிப் போயிருந்தது; இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. கருகிய தூசி நாற்றத்தோடு அனல் அடித்தது.

"ஐயோ, என்னங்க இது! வெயில்ல இவள வேக வைக்கிறீங்களா?" என்று மனைவி கத்தினாள்.

ஜன்னல்களை இறக்கச் சொன்னேன். எஞ்சினில் சூடான தண்ணீரில் ஒரு பங்கு டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ரேடியேட்டர் வழியாக ஓடும். அதன்மேல் காற்றடித்தால் எஞ்சினின் சூடு எங்கள் மேல் இறங்கும், எஞ்சின் பிழைக்கும். இதையெல்லாம் விளக்க நேரமில்லை. அதோடு முள்ளையும் இனி நம்ப முடியாது. அது தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீரே இல்லாவிட்டால் எதைக் காட்டும்? ஆனால் அனல் வருகிற வரை தண்ணீர் ஓடுகிறது என்று நிச்சயம். இடது கையைக் காற்று வரும் துவாரத்தின் முன் நீட்டிக்கொண்டேன். கியர் மாற்ற மட்டும் எடுத்தேன்.

சுட்டது. சுடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மகளின் முனகல் நெருங்கி நெருங்கி வந்தது.

கும்பகோணத்தின் முதல் கடைகள் தெரிந்தபோது உள்ளங்கையில் வெதுவெதுப்பு. அப்புறம் குளிர்ச்சி.

"அப்பா, இப்பதான்ப்பா காத்து நல்லா இருக்கு" என்றாள் மகள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது. குடத்தில் மீதி இருந்தாலும், மூடி ஆறும்வரை திறந்து ஊற்ற முடியாது. முள் ஆடாமல் நடுவில் நின்றது. இப்படியே ஓட்டினால் ஆஸ்பத்திரி வரை போனாலும் போகலாம். போகாவிட்டால், ஒரு பஸ்ஸே ஒதுங்க முடியாத கடைத்தெருவில் எஞ்சின் இறுகி நின்று, முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்துக்கொள்ள, இவள் நடுவில் கிடப்பாள். எதிரே ஆட்டோக்கள் நின்றன. காரை ஓரம் கட்டி அணைத்தேன்.

"வந்துட்டோமா?" என்றாள் மனைவி.

"வரல. எறங்குங்க."

அவள் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. மகளைத் தாங்கி ஆட்டோவுக்கு மாற்றினோம். சாவியைக் காரிலேயே விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார முடியாமல் எழுந்தேன். வெகுநேரம் ஆகவில்லை. பேத்தி பிறந்தாள். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாகவும், நேரத்துக்கு வந்தீர்கள் என்றும் டாக்டர் சொன்னார்.

மறுநாள் மெக்கானிக் வண்டியை இழுத்துக்கொண்டுபோய்ப் பிரித்தார். எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் சீல் போயிருந்தது. வண்டி ஓடும்போது மட்டும் கசியும். கசிந்தது சுடும் எஞ்சின் மேலேயே காய்ந்துபோகும். பம்ப்புக்குக் கீழே வெள்ளைப் பொருக்கு கோலமாவு சிந்தியதுபோல வழிந்திருந்தது. நின்ற வண்டிக்கு அடியில் அட்டை விரித்தால் என்ன தெரியும்? எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். குடத்தைத் தேங்காய் பழத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய்க்காலில் அப்போதும் தண்ணீர் வரவில்லை.

பேத்தி இப்போது பேசுகிறாள். வேறு கார் வந்துவிட்டது. ஏறியதும், "தாத்தா, ஏசி" என்பாள். போடுவேன். காற்று குளிர்ந்ததும் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாய்ந்துகொள்வார்கள். நான் ஓரம் கட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.